ஏழாம் நம்பர் கதவில் ஒரு விறகுக்கட்டு

புதுக்கிராமம், தெமோதரை
08.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

யசோதினி எழுதுவது. உங்கள் போனுக்கு எடுத்துப் பார்த்தேன், அணைந்தே கிடக்கிறது. மேல் டிவிசன் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்டை வெட்டிவிட்டார்கள் என்று தெரியும். கரண்ட் இருந்தாலும் என் நம்பரைப் பார்த்தால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்பதும் தெரியும். சனிக்கிழமை தோறும் பசறை டவுனுக்கு வந்து அலவி நானாவின் துணிக்கடையில் தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்களாம். அதனால் அவர் கடை விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன்.

இது ஆபீஸ் விஷயம். நான் தேயிலை ஆராய்ச்சி ஆபீசில் பூச்சிப் பிரிவில் பதிவேடு எழுதுகிறேன் அல்லவா, அங்கே எங்கள் நப்ரீஸ் சேர் விறகுக்கட்டுப் பூச்சியைப் பற்றி ஒரு கணக்கெடுப்புச் செய்கிறார். குச்சிகளைச் சேர்த்துக் கூடு கட்டி, அந்தக் கூட்டையும் முதுகில் இழுத்துக்கொண்டே நடக்குமே, நாம் சின்ன வயதில் கொய்யா மரத்தில் பிடித்து விளையாடுவோமே, அதுதான். அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. மருந்து அடிக்காத இடத்தில் அது எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டுமாம். சனங்கள் எழும்பிப்போன மேல் டிவிசனில் இரண்டு வருடமாக யாரும் மருந்து அடிக்கவில்லை. அங்கே இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

லயத்துக் கொய்யா மரத்தில் எத்தனை கூடு தொங்குகிறது, என்ன நீளம், எந்த நேரத்தில் நகர்கிறது, எந்த இலையைத் தின்கிறது என்று எழுதினால் போதும். அப்படியே லயத்துக்குப் பின்னால் நிலத்தில் விழுந்திருக்கும் வெடிப்பு எவ்வளவு அகலம் என்றும் அளந்து எழுதுங்கள். பூச்சிகள் அதற்குள் போய்த் தங்கக்கூடும். மாதத்துக்கு ஒரு தடவையாவது தகவல் கட்டாயம் வேண்டும் என்று சேர் சொன்னார்.

சாப்பிட்டீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் கோபப்படுவீர்கள். என் வீட்டுக்காரர் நிஷாந்த் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
யசோதினி


ஏழாம் நம்பர், மேல் டிவிசன்
ஊசிமலைத் தோட்டம், பசறை
14.07.2024

யசோதினிக்கு,

அலவி நானா கடிதத்தைக் கையில் தந்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை துணி மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றார். "தங்கச்சியாம்மா எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். "இல்ல நானா, ஆபீஸ் கடுதாசி" என்றேன். நீதானே அப்படி எழுதியிருக்கிறாய்.

வெடிப்புக்குள் போய்த் தங்குகிற பூச்சி எது என்று உன் சேரிடம் கேட்டு எழுது. குச்சியைக் கட்டிக்கொண்டு மரத்தில் தொங்குகிற ஜென்மத்துக்குத் தரையில் என்ன வேலை? வெடிப்பைப் பற்றித் தெரிய வேண்டுமானால் நேராகக் கேள். என் தையல் நாடாவில் முக்கால் அங்குலம். போன மாதமும் முக்கால்தான்.

பன்னிரண்டு கதவில் பதினொன்று பூட்டிக் கிடக்கிறது. மண் சரியும் இடம், குடியிருக்கக் கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதை வாசிக்கத் தெரியாமல் நான் இங்கே இருக்கவில்லை. ஒரு கதவு நம்பருக்கு ஒரு புது வீடு. ஏழாம் நம்பருக்கான வீட்டை நீ உன் பெயரில் வாங்கிக்கொண்டாய். ஒன்பது வருடம் குவைத்தில் அடுத்தவன் வீட்டுச் சட்டியைக் கழுவிவிட்டு மாசியில் நான் வந்து இறங்கி, கிராம சேவகரிடம் பெயர் பதியப் போனபோது அவர் உன் படிவத்தை எடுத்துக் காட்டினார். "வேறு உறுப்பினர்கள்" என்று கேட்டிருந்த இடத்தில் "இல்லை" என்று உன் கையெழுத்தில் இருந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கை பிடித்து எழுதப் பழக்கியதே நான்தான். இல்லாத ஆள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நான் இங்கே இருக்கிறேன்.

சரி, பூச்சி என்ன பாவம் செய்தது. கொய்யாவில் ஒன்பது கூடு, சுவரோரத் தேயிலைச் செடியில் நான்கு. சின்னது கிராம்பு அளவு. பெரியது என் சுண்டுவிரலில் பாதி. காலையில் பனிமூட்டம் இருக்கும்வரை ஒன்றும் அசைவதில்லை. வெயில் பட்டதும் ஒவ்வொன்றாகத் தலையை மட்டும் நீட்டி இலையைச் சுரண்டத் தொடங்குகின்றன. விரலால் தட்டினால் உள்ளே இழுத்துக்கொண்டு, சுருக்குப்பை வாயைப்போலக் கூட்டின் வாயை மூடிக்கொள்கின்றன. இதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு நாள் அடுப்பில் சோறு அடிபிடித்துவிட்டது. உன் சேருக்கு அதையும் எழுது.

துஷாந்தினி


புதுக்கிராமம், தெமோதரை
29.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சேர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

நீங்கள் பார்த்தவை சின்னப் புழுக்கள். முட்டையிலிருந்து வந்த அன்றைக்கே அந்தப் புழு தனக்கு உடை தேடத் தொடங்கிவிடுமாம். இலைத் துணுக்கையும் பட்டைத் துகளையும் கடித்து, வாயிலிருந்து வரும் பட்டு நூலால் ஒட்டிச் சுற்றிக்கொள்கிறது. உடம்பு வளர வளரக் கூட்டின் வாய்ப் பக்கம் சேர்த்துக் கட்டி நீட்டிக்கொண்டே போகும். பிறகுதான் குச்சிகள். ஒரே நீளத்தில் நறுக்கி நறுக்கி வரிசையாக அடுக்கும். பழையதை ஒருநாளும் கழற்றிப் போடாது என்று புத்தகத்தில் இருக்கிறது.

நேராகக் கேட்கச் சொன்னீர்கள், கேட்கிறேன். வெடிப்பு அகலமாகிறதா? மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடிய வருடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? நம் மலையில் ஒரு கீறல்கூட இல்லாதபோதே மூன்று நாள் என்னை லயத்தில் படுக்க விடவில்லை. பாய் தலையணையோடு கீழே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனீர்கள். அப்போது நம் இரண்டு பேரில் மலைக்குப் பயந்த ஆள் நீங்கள்தான்.

மற்றதைப் பற்றி எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை.

யசோதினி


மேல் டிவிசன்
18.08.2024

யசோதினிக்கு,

இந்த மாதம் முழுக்கக் காற்று. பூட்டிய கதவுகள் எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டு, யார் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. முதலில் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். இப்போது உள்ளே இருந்தபடியே "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் தைக்கிறேன். பயம் போய்விட்டது. மூன்றாம் நம்பர் வாசலில் யாரோ விட்டுப்போன செம்பருத்தி இப்போது கூரையைத் தொடுகிறது. பத்தாம் நம்பருக்குள் புல் முளைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறது. நடுப்பகலில் பனிமூட்டம் இறங்கினால் லயம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த நேரம் நான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். தையல் மெஷின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்ப்பேன். சத்தம் கேட்டால் இருக்கிறேன்.

ஒரு காரியம் செய்தேன், உன் சேர் திட்டுவாரோ தெரியாது. ஒரு சின்னப் புழுவைக் கொய்யாக் கிளையோடு ஒடித்து உள்ளே கொண்டுவந்து போத்தலில் வைத்தேன். அலவி நானா சிவப்பு லைனிங் துணி தந்திருந்தார். அதில் வெட்டி விழுந்த துணுக்குகளைக் கிளையில் தூவிவிட்டேன். இரண்டு நாள் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்றைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நாலாம் நாள் கூட்டின் வாயைச் சுற்றி ஒரு சிவப்பு வரி. இப்போது பாதிக்கு மேல் சிவப்பு. கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கிறது. சிவப்பி என்று கூப்பிடுகிறேன். வெளியே கொய்யாவில் திரும்பவும் விட்டுவிட்டேன். காய்ந்த குச்சி நிறத்தில் மற்றது எல்லாம் தொங்க, இவள் ஒருத்தி மட்டும் தூரத்திலேயே தெரிகிறாள்.

முன்பிறப்பில் விறகு திருடியவர்கள்தான் இப்படிப் பிறந்து விறகைச் சுமக்கிறார்கள் என்று சிங்களச் சனங்கள் சொல்வார்களாம். அலவி நானா சொன்னார். கேட்டதும் சிரிப்பு வந்தது. நாம் இந்தப் பிறப்பிலேயே திருடினோமே. உனக்கு அப்போது எட்டு வயது. நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் தோட்டத்துக் காட்டில் விறகு வெட்டினேன். காவக்காரர் முருகையா வந்தபோது நீ பயத்தில் தேயிலைக்குள் உட்கார்ந்துகொண்டாய். "கூட யாரு?" என்று கேட்டார். "நான் மட்டுந்தான் வந்தேன். வேற யாரும் இல்ல" என்றேன். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், எல்லாச் சனமும் பார்க்க, அந்த விறகுக்கட்டைத் தலையில் வைத்து ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். நீ வரிசைக்குப் பின்னால் நின்று அழுதாய். அதை நான் பார்த்தேன்.

உன்னைக் காப்பாற்றுவதற்கு நான் சொன்ன சொல்லை, என்னை வெட்டிவிடுவதற்கு நீ எழுதியிருக்கிறாய். இவ்வளவுதான் என் கோபம். வெடிப்பு முக்கால்.

துஷாந்தினி


புதுக்கிராமம், தெமோதரை
01.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

அன்றைக்கும் பெரட்டுக் களத்தில்தான் மேசை போட்டிருந்தார்கள். 2019 கார்த்திகை, எனக்குக் கல்யாணம் ஆகுமுன். பேர் பதிய வந்த ஐயா ஒவ்வொரு கதவு நம்பராகக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் ஐந்தாம் நம்பர் பெரியாயி அக்கா நின்றார். அவர் மகன் கட்டாரில் இருக்கிறான் என்று சொன்னதும், வெளிநாட்டு ஆள் இருக்கிற வீடு தனி ஃபைல், விசாரித்துத்தான் தருவோம், இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம் என்று தாளை வேறு பக்கம் வைத்தார்கள். அடுத்தது நான். "வீட்டுல வேற யாரும் இருக்காங்களா?" என்றார். பேனா என் கையில் இருந்தது. "இல்லைங்க" என்றேன். எழுதச் சொன்னார், எழுதினேன். பெரியாயி அக்காவுக்கு ஒரு வருடம் தாமதித்து வீடு கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு வருடத்துக்குப் பயந்து எழுதினேன்.

வீடு கிடைத்தபின் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். சேர்க்கப் போனால் முதலில் ஏன் பொய் சொன்னாய் என்று வீட்டையே திருப்பி வாங்கிவிடுவார்களோ என்று அடுத்த பயம். நீங்கள் குவைத்திலிருந்து பேசும்போதெல்லாம் "நம்ம வீட்டுக்குக் கூரை போட்டாச்சா, நம்ம வீட்டுக்கு என்ன கலர்" என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுத்து, கலரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

பெரட்டுக் களத்தில் நீங்கள் நின்ற அந்த ஒரு மணி நேரத்தை நான் மறந்ததே இல்லை அக்கா. அதை வைத்துக்கொண்டும் இப்படிச் செய்தேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

சிவப்பி எப்படி இருக்கிறாள்?

யசோ


மேல் டிவிசன்
22.09.2024

யசோவுக்கு,

நப்ரீஸ் சேர் அலவி நானாவின் அக்கா மகனாம். நேற்றுக் கடைக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்து, "நீங்கதானா யசோதினியோட அக்கா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். விறகுக்கட்டுக் கணக்கெடுப்பு எப்படிப் போகிறது சேர் என்றேன். மனிதர் முழித்தார். அப்படி ஒரு கணக்கெடுப்பே கிடையாதாம். தங்கச்சி தன்னிடமிருந்து ஒரு புத்தகத்தை மட்டும் இரவல் வாங்கிப் போனதாகச் சொன்னார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார். வளைவுக்கு வளைவு சிரித்து, கடைசி வளைவில் அழுகையாகிப் போனது. மாதம் ஒரு தடவை நான் உயிரோடு இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள ஒரு பூச்சியைப் பிடித்து அனுப்பியிருக்கிறாய். திருட்டுக் கழுதை.

இனி ஒரு வரி எழுதுவதில்லை என்றுதான் வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால் சிவப்பி கொய்யா மரத்தில் இல்லை. தேடினேன். நான் துணி காயப்போடும் கயிற்றின் வழியாக நடந்து வந்து, என் கதவு நிலையில் ஏறி, ஏழு என்று எழுதியிருக்கும் தகட்டுக்கு மேலே கூட்டின் தலையை நூலால் இறுகக் கட்டிக்கொண்டு தொங்குகிறாள். வாயை மூடிவிட்டாள். கொய்யாவில் இருந்த குச்சிக் கூடுகளில் பெரியதும் இரண்டு வாரமாக அப்படித்தான் அசையாமல் இருக்கிறது. இவ்வளவு தூரம் சுமந்து வந்து, இந்த மலையில் எத்தனையோ மரம் இருக்க, என் கதவைத் தேர்ந்திருக்கிறாள். மனசு இளகிவிட்டது.

இனி உள்ளே அவளுக்கு இறக்கை முளைக்கும் அல்லவா? எத்தனை நாள் ஆகும் என்று புத்தகத்தில் பார்த்து எழுது. அவள் வெளியே வந்து பறக்கிற அன்றைக்கு நானும் கீழே இறங்குகிறேன், போ. உன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. இறங்குகிறேன் என்றுதான் சொல்கிறேன்.

வெடிப்பு ஒன்றேகால் அங்குலம்.

துஷா


புதுக்கிராமம், தெமோதரை
30.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கணக்கெடுப்பு விஷயத்தில் பிடிபட்டதற்கு வெட்கமாக இருக்கிறது. திருட்டுக் கழுதை என்று நீங்கள் திட்டியதைப் படித்தபோது சந்தோஷமாகவும் இருந்தது. நிஷாந்திடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப அக்கா சமாதானம்தான்" என்றார். அவருக்கு உங்களைத் தெரியாது.

ஒன்றேகால் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி மழை இன்னும் தொடங்கவே இல்லை. தயவுசெய்து மழைக்கு முன்னால் இறங்கிவிடுங்கள்.

கூட்டை மூடியபின் மூன்று நான்கு வாரத்தில் அந்துப்பூச்சி வெளியே வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. பொறுத்துப் பாருங்கள்.

யசோ


மேல் டிவிசன்
13.10.2024

யசோதினிக்கு,

போன செவ்வாய் பொழுது சாயும் நேரம் கொய்யா மரத்துக் குச்சிக் கூட்டின் அடியில் ஒன்று நெளிந்தது. பழுப்பு நிறத் தோல் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டு வந்து வெடித்தது. அதற்குள்ளிருந்து கறுப்புக்கும் பழுப்புக்கும் இடையில் ஒரு பூச்சி. கசங்கிய இறக்கை. கிளையில் தொங்கிக்கொண்டு அரை மணி நேரம் இறக்கையை உலர்த்தியது. வெங்காயச் சருகுபோல அந்தத் தோல் கூட்டிலேயே நின்றுவிட்டது. நான் கையில் ஊசியோடு அப்படியே நின்றேன். லயம் முழுக்க ஒரு சத்தம் இல்லை. அது பறக்கத் தொடங்கியபோது எனக்கு என் உடம்பே பாரமில்லாமல் போனமாதிரி இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, நேராக என் கதவுக்கு வந்தது. சிவப்பியின் கூட்டைப் பிடித்துக்கொண்டு, தன் வாலை நீளமாக நீட்டி அவள் கூட்டின் அடி வாய்க்குள் விட்டது. கொஞ்ச நேரம்தான். மறுநாள் காலை வாசற்படியில் செத்துக் கிடந்தது. சாப்பிட அதற்கு வாயே இல்லை போலிருக்கிறது.

மாப்பிள்ளை வந்து போய்விட்டான், இனி இவள் வருவாள் என்று நாலு நாள் கதவைச் சாத்தாமல் காத்திருந்தேன். நேற்று அலவி நானா தன் போனில் நப்ரீஸ் சேருக்கு எடுத்துத் தந்தார். சேர் பொறுமையாகச் சொன்னார். பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாதாம். காலும் கிடையாதாம். கூட்டை விட்டு வெளியே வரவே வராதாம். வாசனையால் ஆணைக் கூப்பிட்டு, உள்ளேயே முட்டையிட்டு, உள்ளேயே காய்ந்து போகுமாம். "தங்கச்சிக்கு இதெல்லாம் நல்லாத் தெரியுமே, அந்தப் பக்கத்தைத்தான் கொப்பியில எழுதி எடுத்தாங்க" என்றார்.

ஆக, உனக்குத் தெரியும். அவள் பறக்கிற அன்றைக்கு இறங்குகிறேன் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, "பொறுத்துப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறாய். வராத இறக்கைக்கு என்னை வாசலில் காக்க வைத்தாய். எனக்குத் தெரிய வேண்டியது எதுவோ அதை மட்டும் பார்த்து மறைப்பதற்கு எங்கே படித்தாய்?

மழை தொடங்கிவிட்டது. வெடிப்பை அளந்தேன், உனக்குச் சொல்லப் போவதில்லை. சிவப்பி இருக்கிற இடத்தில் நானும் இருந்துவிட்டுப் போகிறேன்.

துஷாந்தினி


புதுக்கிராமம், தெமோதரை
19.10.2024

அக்கா,

ஆமாம், தெரியும். கூட்டை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது என்றும் அதே பக்கத்தில் இருந்தது. சிவப்பி ஆணாக இருந்துவிட்டால் போதும், பறந்துவிடும், நீங்களும் இறங்கிவிடுவீர்கள் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டு எழுதினேன். உண்மையைச் சொல்லி, நீங்கள் இறங்காமலே விட்டால் என்ன செய்வது என்று பயம். என் எல்லாப் பொய்யும் பயத்தில் சொன்னதுதான். அதனால் அது பொய்யில்லாமல் போகாது.

இனி மறைக்க ஒன்றுமில்லாதபடி எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். சிவப்பி வெளியே வரமாட்டாள். உள்ளே அவள் விட்ட தோலுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டிருப்பாள். இந்நேரம் சுருங்கி உயிரும் போயிருக்கும். இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சுப் புழுக்கள் கூட்டின் அடி வழியாக வரும். ஒவ்வொன்றும் ஒரு நூலை விட்டுத் தொங்கும். காற்று வந்து நூலோடு தூக்கிப்போகும். விழுந்த இடத்தில் எது கிடைக்கிறதோ அதைக் கடித்துக் கூடு கட்டும். நான் கொப்பியில் எழுதிய பக்கம் இதோடு முடிகிறது.

புதன்கிழமை லீவு போட்டு கிராம சேவகரிடம் போனேன். 2019இல் நான் எழுதியது பொய், எனக்கு ஓர் அக்கா இருக்கிறார், அந்த வீட்டில் அவருக்குச் சரிபாதி என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். வீடு பறிபோகுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதுக்கு ஒரு ஃபோம் இருக்கும்மா. இவ்வளவு காலமா ஏன் கேக்கல?" என்றார். ஐந்து வருடம் நான் பயந்தது ஒரு ஃபோமுக்கு, ஒரு தாள் படிவத்துக்கு. அதை இதோடு வைத்திருக்கிறேன். சேர்க்கப்படுகிற ஆள் தன் கையால் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டுச் சாவியின் இன்னொன்றும் உறைக்குள் இருக்கிறது.

கோபத்தை விட வேண்டாம். கோபத்தோடேயே வாருங்கள். வந்து திட்டுங்கள்.

யசோ


புதுக்கிராமம், தெமோதரை
05.11.2024

அக்கா,

பதில் இல்லை. என் கடிதத்தைப் போன மாதம் 26ஆம் திகதியே உங்கள் கையில் தந்ததாக அலவி நானா சொன்னார். போன சனிக்கிழமை நீங்கள் கடைக்கு வரவில்லையாம். ஊசிமலைப் பக்கத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டிருப்பதாக நேற்று ரேடியோவில் சொன்னார்கள். நிஷாந்த் த்ரீவீலில் புறப்பட்டு மூன்றாம் வளைவு வரைக்கும் போனார். ரோட்டில் மண் விழுந்து கிடந்ததால் திரும்பிவிட்டார். நாளைக்கு மண் அள்ளுவார்களாம், அள்ளியதும் நானே நடந்து மேலே வருகிறேன்.

உங்கள் கைக்குக் கிடைக்குமா என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். வெடிப்பு எவ்வளவு என்றாவது சொல்லியிருக்கலாம்.

யசோ


(தபாலில் வராதது. சாப்பாட்டு மேசையில் செம்புக்கு அடியில்)
07.11.2024

யசோ,

முத்திரைக்குச் செலவில்லை, இதை உன் மேசையிலிருந்தே எழுதுகிறேன். கடிதத்தில் பேசியே பழகிவிட்டது.

வெடிப்பு நான்கு அங்குலம். தையல் நாடாவை உள்ளே விட்டால் அடி தெரியவில்லை. உன் சாவி வந்த அன்றிலிருந்தே மூட்டை கட்டி வைத்திருந்தேன். ஆனாலும் கதவைத் தாண்டக் கால் வரவில்லை. நிலையில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள். அடைமழையில் அவளைத் தனியே விட்டுப் போகிறதா என்று ஒரு சாக்கு. எனக்கும் சாக்குச் சொல்ல வரும்.

இன்று விடிந்தபோது மழை விட்டிருந்தது. பனிமூட்டத்துக்குள் மெதுவாக வெயில் வந்தது. கதவைத் திறந்தேன், முகத்தில் என்னவோ பட்டது. நூல். சிவப்புக் கூட்டின் அடியிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு, எண்ண முடியாத அளவு நூல், ஒவ்வொன்றின் நுனியிலும் எள்ளைவிடச் சின்னதாக ஒன்று நெளிந்துகொண்டு. காற்று வரும்வரை அப்படியே தொங்கின. பிறகு ஒரு வீச்சு வந்தது. ஒன்றிரண்டு என்று முதலில், அப்புறம் எல்லாம். எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், புல் முளைத்த பத்தாம் நம்பர் எல்லாவற்றையும் தாண்டி, மின்னிக்கொண்டே கீழே பள்ளத்துப் பக்கம் போய்விட்டன. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அழுதேனோ என்னவோ, முகம் நனைந்திருந்தது. ஏழாம் நம்பர் கதவிலிருந்து இத்தனை பேர் வெளியே போனதை நான் பார்த்ததில்லை. கூட்டைத் தொட்டுப் பார்த்தேன். காலி. இனி அங்கே காவல் இருக்க எனக்கு யாரும் இல்லை.

மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினேன். காவக்காரர் முருகையா உயிரோடு இருந்திருந்தால் மறுபடியும் பிடித்திருப்பார். ரோட்டில் மண் அள்ளிக்கொண்டிருந்த பொடியன்கள் இறக்கி வைக்க உதவினார்கள். பசறையில் அலவி நானா பிளேன்டீ வாங்கித் தந்து பஸ் ஏற்றிவிட்டார். உன் ஐந்தாம் திகதிக் கடிதத்தையும் அவர்தான் தந்தார், பஸ்ஸில் படித்தேன். நான் இறங்கும்வரை மலை நின்றது. இனி விழுந்தால் விழட்டும்.

பஸ்ஸில் பார்த்தேன், என் சட்டைக் கையில் ஒரு குஞ்சு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வழியிலேயே என் சிவப்புச் சட்டையின் பஞ்சைக் கடித்து இடுப்பில் ஒரு சுற்றுக் கட்டிவிட்டது. உன் முற்றத்துக் கொய்யாக் கன்றில் விட்டிருக்கிறேன். உங்கள் ஆபீஸ் மருந்தை அந்தப் பக்கம் கொண்டுவராதே.

நான் பின்னறையில் தூங்குகிறேன். எழுப்பாதே, எழுப்பினால் பேச வேண்டியிருக்கும். நாளைக்குப் பேசலாம், திட்டுவதற்கு நிறைய இருக்கிறது.

ஃபோமில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பக்கத்தில் "குடும்பத் தலைவிக்கு என்ன உறவு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. உன் கையால் எழுது.

அரிசி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து உலை வைத்துவிட்டேன். மூன்று பேருக்குப் போட்டிருக்கிறேன்.

அக்கா